நீர் கோக்காத முத்துகள்

ஸ்கேன் எடுக்கும்போது ரத்தத்தில் ஏற்றுகிற சாய மருந்தைப் பற்றி இப்போதெல்லாம் கோயிலில் யாராவது ஒருவர் என்னை நிறுத்திக் கேட்கிறார்கள். "அக்கா, எனக்கும் அந்த டை போடப் போறாங்களாம், ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று. பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்தில் முழுக்கதையும் சொல்ல முடிவதில்லை. பாதி சொன்னால் பயந்து போகிறார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவள் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாரியம்மன் துணையோடு, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்று. பெரும்பாலானவர்களுக்கு அந்த மருந்தால் ஒரு தொந்தரவும் வருவதில்லை. எனக்கு வந்தது. வந்ததை நாங்கள் வேறு ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

சிங்கப்பூரில், பொங்கோல் வட்டாரத்தில் ஒரு குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் சமையல் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் பஸ் பணிமனையில் மெக்கானிக். சாப்பிட்டு எழுந்தால் வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கிற மாதிரி ஒரு வலி எனக்கு வந்து வந்து போனது. பக்கத்து அரசாங்கப் பாலிகிளினிக்கில் பார்த்தார்கள். பித்தப்பையில் கல் இருக்கலாம் என்று சொல்லி, பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள்.

சி.டி. ஸ்கேன் மிஷின் என்பது ஒரு பெரிய உளுந்து வடையை நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கும். நடுவில் ஓட்டை. நாம் படுத்திருக்கிற பலகை அந்த ஓட்டைக்குள் போய்ப் போய் வரும். சும்மா எடுத்தால் வயிற்றுக்குள் இருக்கிற எல்லாமே ஒரே சாம்பல் நிறமாகத் தெரியுமாம். சாய மருந்தை ஏற்றினால் ரத்தம் ஓடுகிற இடமெல்லாம் பளிச்சென்று தெரியும். அந்த மருந்தில் அயோடின் இருக்கிறது. உப்பில் சேர்க்கிறார்களே, அதே அயோடின்தான்.

கையில் ஊசி குத்தியது கலா என்கிற தாதி. மலேசியாவின் ஜொகூர்க்காரப் பெண், நல்ல தமிழ், நடுநடுவே அந்த ஊர் 'லா' ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். "ஆன்ட்டி, மருந்து போறப்ப தொண்டையில இருந்து கீழ வரைக்கும் சூடாகும். யூரின் போயிட்ட மாதிரி இருக்கும். ஆனா போயிருக்காது. வெட்கப்படாம படுத்திருங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

சொன்னபடியே நடந்தது. வாயில் பழைய காசைச் சப்பின மாதிரி ஒரு ருசி. அடுத்த நொடி நெஞ்சு, வயிறு, தொடை என்று சூடு இறங்கியது. கலா என்ன சொல்லியிருந்தும், போய்விட்டது, இந்த வயதில் இப்படி ஆகிவிட்டதே என்றுதான் நினைத்தேன். மிஷின் ஆங்கிலத்தில் மூச்சை இழு, பிடி, விடு என்று அதட்டிக்கொண்டே இருந்தது. முடிந்ததும் மெல்ல அடியில் தடவிப் பார்த்தேன். ஈரம் இல்லை.

கலா சிரித்தாள். "எல்லாரும் தடவித்தான் பார்ப்பாங்க லா ஆன்ட்டி. ஆம்பளைங்க கூட."

கொஞ்ச நேரம் உட்கார வைத்துக் கவனித்தார்கள். மூச்சு வாங்கவில்லை, முகம் வீங்கவில்லை. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், மருந்து சிறுநீரில் போய்விடும் என்று. பிறகு அரிப்பு, தடிப்பு எது வந்தாலும் போன் பண்ணுங்கள் என்றும் கலா சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். சூடு தணிந்ததோடு மருந்தின் வேலை முடிந்தது என்றுதான் என் மனசில் பட்டது.

மறுநாளே டாக்டர் கூப்பிட்டார். இளம் சீனப் பெண். பித்தப்பையில் சின்னக் கற்கள், அவசரமில்லை என்றார். பிறகு திரையைத் திருப்பிக் காட்டினார். இடது சிறுநீரகத்தின் ஓரத்தில் ஒரு உருண்டை. கற்களைத் தேடப் போன இடத்தில் தற்செயலாகக் கண்ணில் பட்டது. அது நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. சாயம் எப்போது கட்டிக்குள் ஏறுகிறது, எப்போது வடிகிறது என்று நேரம் பார்த்து இன்னொரு ஸ்கேன் எடுக்க வேண்டும். யாரோ ஒருவர் வரமுடியாது என்று சொன்னதால் அடுத்த வாரமே ஓர் இடம் காலியாக இருக்கிறது. அதை விட்டால் ரொம்பத் தள்ளிப் போகும்.

அன்றிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு, விசில் வருவதற்குள் கீழே இறங்கி எங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி வந்தேன். பேருந்தில் ஏறினால் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன். பூஜை அறையில் விளக்கேற்றி நின்றால் மந்திரம் பாதியில் நின்றுவிடும். ஒரே ஒரு வார்த்தைதான் வாயில் வந்தது: "அம்மா, வந்து பாரு. நீயே வந்து பாரு."

ஸ்கேன் எடுத்த மூன்றாம் நாள் காலை குளிக்கும்போது பார்த்தேன். வயிற்றிலும் மார்பிலும் சிவப்புப் புள்ளிகள். துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் முழங்கைக்கு மேலே கைகளிலும் தெரிந்தது. உடம்பு லேசாகக் கொதித்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கையை நீட்டினேன்.

அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் குவித்தார்.

"முத்து போட்டிருக்கு. அம்மா வந்துட்டா."

அம்மை நோயை எங்கள் வீடுகளில் நோய் என்று சொல்வதில்லை. மாரியம்மனே ஒருவர் உடம்பில் வந்து இறங்கியிருப்பதாக நம்புகிறோம். கொப்புளத்துக்கு முத்து என்று பெயர். அவள் இருக்கிற வரை மருந்து இல்லை, ஊசி இல்லை, தாளிப்பு இல்லை. வாசலில் வேப்பிலை கட்டுவோம். தலைக்குத் தண்ணீர் ஊற்றி அவளை வழியனுப்பி வைக்கிற வரை, அம்மை கண்டவர் வாசல்படி தாண்டுவதில்லை.

அந்தக் காலையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வந்து பார் என்று கூப்பிட்டேன், வந்துவிட்டாள். உள்ளே இருக்கிற உருண்டையைத் தோல் வழியாக வெளியே எடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று முழுசாக நம்பினேன்.

வீட்டுக்காரரின் தங்கை சரோஜா தேக்காவில் இருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் யாருக்கு அம்மை கண்டாலும் அவள்தான் போய்ப் பார்த்துக்கொள்வாள். தகவல் போன கொஞ்ச நேரத்தில், தேக்கா மார்க்கெட்டில் வாங்கின ஒரு கட்டு வேப்பிலையோடு எம்ஆர்டி ரயிலேறி வந்து நின்றாள்.

"எம்ஆர்டியில எல்லாரும் என்னையே பாக்கறாங்க, மரத்தையே வெட்டிட்டு வந்த மாதிரி" என்று சொல்லிக்கொண்டே கம்பிக் கதவில் கட்டினாள். "அண்ணே, நீ ஷேவ் பண்ணாத. மீன் வாசனை வீட்டுக்குள்ள வரக்கூடாது. அண்ணியைப் பேர் சொல்லிக் கூப்பிடாத. அண்ணி, பிரஷர் மாத்திரையை எடுத்து உள்ள வைங்க."

தரையில் வெள்ளை வேட்டி விரித்து வேப்பிலை பரப்பி என்னைப் படுக்க வைத்தார்கள். இளநீர், மோர், கேழ்வரகுக் கூழ். கல்யாணம் ஆன நாளிலிருந்து "வள்ளி, டீ எங்க?" என்று அடுப்படியைப் பார்த்துக் கத்தின மனுஷர், அன்று கையில் மோரை ஏந்திக்கொண்டு வந்து, "தாயே, கொஞ்சம் குடிங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அம்மனுக்கு மரியாதைக் குறைவோ என்று அடக்கிக்கொண்டேன்.

எங்கள் மகள் திவ்யா பாசிர் ரிஸ்ஸில் இருக்கிறாள். சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டாள்.

"மா, கேமராவைக் கிட்ட வைங்க. இன்னும் கிட்ட. உங்களுக்குத்தான் சின்ன வயசுலயே சிக்கன்பாக்ஸ் வந்திருச்சே? நெத்தியில தழும்பு இருக்கே? ஒரு தடவை வந்தா அநேகமா மறுபடி வராது மா."

அவள் அப்பா போனைப் பிடுங்கினார். "ஏன், அவ வர்றதுக்கு உங்கிட்ட அப்பாயின்மென்ட் வாங்கணுமா?"

"பா, ஜோக் அடிக்காதீங்க. ஸ்கேன் என்ன ஆகும்?"

"தண்ணி ஊத்தற வரைக்கும் எங்கேயும் போறதில்ல. உடம்புல அம்மா இருக்கறப்ப ஊசி குத்தறதா?"

"அப்போ கட்டி?"

அவள் அப்பா போனை என் கையில் திணித்துவிட்டு, வேப்பிலைக் கொத்தை எடுத்து எனக்கு விசிறத் தொடங்கினார். 

இதற்கிடையில் நான் வேலை செய்கிற நிலையத்துக்கு அம்மை என்று லீவு சொல்லியிருந்தோம். அவர்கள் பெற்றோர்கள் எல்லாருக்கும் செய்தி அனுப்பிவிட்டார்கள். பொம்மைகளை எல்லாம் மருந்து போட்டுக் கழுவினார்களாம். என் சமையலைச் சாப்பிட்ட பிள்ளைகளின் சட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

அரிப்பு கூடிக்கொண்டே போனது. அதை எப்படிச் சொல்வது? தோலுக்கு மேலே இல்லை, தோலுக்கு அடியில் யாரோ சின்ன விரலால் கீறுகிற மாதிரி. வேப்பிலைக் கொத்தால் தடவினால் ஒரு மூச்சு நேரம் அடங்கும். மறுபடி தொடங்கும். படுக்க முடியாமல் எழுந்து கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். அம்மன் உடம்பில் இருக்கும்போது இப்படி அலையலாமா என்று வீட்டுக்காரர் தவித்தார். உட்காரச் சொன்னால் உட்கார்ந்தேன். உட்கார்ந்த கையோடு எழுந்தேன். நடக்க நடக்க, அந்த உருண்டை என்னோடு சேர்ந்து நடக்கிற மாதிரியே இருந்தது. அது வளர்ந்துகொண்டிருக்குமோ? இங்கே கூழ் குடித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் அது என்ன செய்துகொண்டிருக்கும்?

ஸ்கேனுக்கு முதல் நாள் சரோஜா மறுபடி வந்தாள். கை கால் கழுவி, கும்பிட்டுவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் முதுகை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ஒவ்வொரு தடிப்பாகத் தொட்டுப் பார்த்தாள். 

"இன்னும் நீர் கோக்கலையே" என்றாள்.

"என்னது?" என்றார் வீட்டுக்காரர்.

"முத்துன்னா எழும்பி நிக்கும் அண்ணே. உள்ள தண்ணி கோத்து, கண்ணாடி மணி மாதிரி பளபளக்கும். பிறகு வாடும். ஒரு பக்கம் வாடும்போது ஒரு பக்கம் புதுசா எழும்பும். நான் எத்தனை பேருக்குத் தண்ணி ஊத்தியிருக்கேன்? இது இத்தனை நாளாகியும் தட்டையாவே இருக்கு. ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து திட்டுத் திட்டா போகுது." விரலால் அழுத்தினாள். சிவப்பு மறைந்து மறுபடி வந்தது. "அண்ணி, இது அம்மா இல்ல."

வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "அன்னிக்கு நீதானடி வேப்பிலை கட்டின?"

"கட்டினேன். இன்னிக்கு நானே அவுக்கறேன்."

"விளையாட்டா உனக்கு? தப்பா இருந்தா என்ன ஆகும் தெரியுமா?"

"தப்பா இருந்தா தண்டனை எனக்கு வரட்டும். அவகிட்ட நான் பேசிக்கறேன். நீ அண்ணியை நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. உடம்புக்கு ஏதோ ஒத்துக்கல."

சொல்லிவிட்டு நாற்காலி போட்டு ஏறி வேப்பிலையை அவிழ்த்தாள். இலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கினாள்.

எல்லாரும் நினைப்பார்கள், எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று. இல்லை. சுடச்சுடச் சோறு போட்ட தட்டை யாரோ எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது.

"அப்போ அவ வரவே இல்லையா சரோஜா?" என்று கேட்டேன்.

"உங்க தோல்ல வரல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் அண்ணி."

மறுநாள் மருத்துவமனையில் திவ்யா எங்களுக்காகக் காத்திருந்தாள். குளிருக்கு என்று நான் முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன். பெயரைக் கூப்பிடுகிற வரை அந்தக் கூடத்தில் என்னால் இருக்க முடியவில்லை. தண்ணீர்க் குழாய்க்கும் கழிவறைக்குமாக நடந்தேன். கையைக் காட்டினால் ஸ்கேன் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், மறுபடி காத்திருக்க வேண்டும் என்ற பயம் ஒன்றுதான் மனசு முழுக்க. இந்த அரிப்புக்கும் அந்த மருந்துக்கும் முடிச்சு இருக்கும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஏதோ சாப்பாடு, ஏதோ வெயில் என்றுதான் பேசிக்கொண்டோம்.

அன்றும் கலாதான் இருந்தாள். ஊசித் தட்டோடு வந்து கேட்டாள். "போன தடவை மருந்து போட்ட பிறகு ஏதாவது ஆச்சா ஆன்ட்டி?"

"ஒண்ணும் ஆகல. நல்லா இருந்தேன்" என்றேன். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே விடாமல் பிடித்துக்கொண்டேன்.

கலா கையில் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடினாள். அப்போது வீட்டுக்காரர் முன்னால் வந்து நின்றார். ஸ்கூல் பையன் வாத்தியார் முன்னால் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்.

"சிஸ்டர், ஒரு நிமிஷம். இவ உடம்புல முத்து போட்டிருக்கு. என் தங்கச்சி இல்லேங்கறா. எனக்கு மனசு கேக்கல. அம்மா இருக்கற உடம்புல ஊசி போடலாமா?"

கலா ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தாள். முதலில் எங்களை ஒரு தனி அறைக்குக் கூட்டிப் போனாள். முகமூடி கொடுத்தாள். என் சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இது ஸ்கேன் எடுத்து எத்தனாவது நாள் வந்துச்சு?"

"மூணாவது நாள்."

"நல்ல வேளை லா அங்கிள்" என்று அவரிடம் சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

டாக்டர் வந்து வாய்க்குள் பார்த்தார், கண்ணிமையைத் திருப்பிப் பார்த்தார். அங்கெல்லாம் புண் வந்திருந்தால் ஆபத்தாம். எனக்கு வரவில்லை. பிறகு எளிமையாகச் சொன்னார், திவ்யா தமிழில் சொன்னாள். சாய மருந்துக்கு ஒவ்வாமை இரண்டு விதமாக வரும். ஒன்று உடனே வருவது: மூச்சு வாங்கும், முகம் வீங்கும். அதற்குத்தான் உட்கார வைத்துக் கவனிக்கிறார்கள். இன்னொன்று தாமதமாக, வீட்டுக்குப் போய்ச் சில நாள் கழித்து, தோலில் வரும். பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். ஆனால் உடம்பு அந்த மருந்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். தடிப்பு இருக்கும்போதே அதே மருந்தை மறுபடி ஏற்றினால் இன்னும் வேகமாக, இன்னும் மோசமாகத் திரும்பி வரலாம்.

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ அந்த ஊசியைப் போடாம நிறுத்தினது நல்லதுதானே?" என்று ஒரு தரம் கேட்டார். வெளியே வந்து மறுபடி திவ்யாவிடம் கேட்டார்.

காய்ச்சல் இருந்ததாலும் தடிப்பு பரவிக்கொண்டிருந்ததாலும் என்னை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். ரத்தம் எடுத்துக் கல்லீரல், சிறுநீரகம் கெட்டுவிடவில்லை என்று பார்த்தார்கள். பிரஷர் மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று மெல்லத் திட்டினார்கள். தடவக் களிம்பு, விழுங்க ஸ்டெராய்டு மாத்திரை. ஸ்டெராய்டு அரிப்பை அடக்கியது. ஆனால் அது மனுஷரை உட்கார விடாது. கை கால் பரபரக்கும். கட்டிலைச் சுற்றி நடந்தேன், ஜன்னலில் நின்றேன், பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மாவின் போர்வையை மடித்துக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்து, "உட்காரு, உட்காரு" என்று படுக்கையைத் தட்டித் தட்டிக் காட்டுவார். பில் என்ன ஆகும் என்று நான் வாயைத் திறந்தாலே திவ்யா, "அது என் தலைவலி, நீங்க நடங்க" என்பாள்.

வீட்டுக்காரர் தினமும் வேலை முடிந்து ரசம் சோறு கட்டிக்கொண்டு வந்தார். அடுப்பையே தொட்டறியாதவர். முதல் நாள் ரசத்தில் புளி மட்டும் இருந்தது. அடுத்த நாள் மிளகு மட்டும் இருந்தது. திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, தாதியிடம் போய், "இது நெத்தியில வைக்கலாமா? மருந்துக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று அனுமதி கேட்டுவிட்டுத்தான் எனக்குப் பூசினார்.

தடிப்பு மங்கின பிறகு டாக்டர் வேறு வழி சொன்னார். எம்.ஆர்.ஐ. ஸ்கேன். அது காந்தத்தால் படம் எடுப்பது. அதற்கும் ஒரு சாயம் உண்டு, ஆனால் அயோடின் இல்லை, காடோலினியம் என்கிற ஓர் உலோகத்தில் செய்தது. எனக்கு வந்த ஒவ்வாமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் எந்த மருந்துக்கும் நூற்றுக்கு நூறு என்று சொல்ல முடியாது.

"வேண்டாம்னா சொல்லலாம்" என்று அவர் சொன்னதைத் திவ்யா தமிழில் சொன்னாள். "சாயம் இல்லாமலும் எடுப்போம். ஆனா கட்டி என்னன்னு உறுதியா சொல்ல முடியாம போகலாம்."

யோசித்துச் சொல்லுங்கள் என்று போய்விட்டார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். திவ்யா அவரைப் பார்த்தாள். அம்மன் ஏதாவது காட்டுவாளா என்று நான் என் கையையே பார்த்தேன். மங்கின தழும்பு மட்டும்தான் இருந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் தெரியாமல் வீட்டுக்குப் போய் மறுபடி குக்கரை வைத்துவிட்டு புளோக்கைச் சுற்றி வருவதை நினைத்தால், அது இன்னும் பயமாக இருந்தது.

"போடச் சொல்லு" என்றேன் திவ்யாவிடம்.

காந்த மிஷினுக்குள் நகை ஒன்றும் கூடாது. தாலியும் கழற்ற வேண்டும். சரோஜா அதற்கென்று மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கட்டிக் கொண்டுவந்திருந்தாள். கட்டில் ஓரத்தில் நின்று வீட்டுக்காரர் அதை என் கழுத்தில் கட்டினார்.

"ரெண்டாம் கல்யாணம் அண்ணே. மாப்பிள்ளை ஷேவ் கூட பண்ணாம வந்திருக்காரு" என்றாள் சரோஜா. அவர் வெட்கப்பட்டு முடிச்சைத் தப்பாகப் போட்டு, அவிழ்த்து மறுபடி போட்டார்.

எம்.ஆர்.ஐ. மிஷின் ஒரு குழாய். உள்ளே சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம். சாயம் ஏறப் போகிறது என்று காதில் சொன்னார்கள். அந்தச் சூடு வருகிறதா என்று காத்திருந்தேன். வரவில்லை. கை நரம்பில் ஐஸ் தண்ணீர் ஓடின மாதிரி ஒரு குளிர், அவ்வளவுதான். வந்து பார், அடையாளம் காட்டு என்று அம்மனை நான் அப்போது கூப்பிடவில்லை. இருக்கிறாய் என்று மட்டும் சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு தினமும் குளிக்கும்போது தோலைத் தேடிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

டாக்டர் எங்கள் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார். கட்டி கெட்ட கட்டி மாதிரிதான் தெரிகிறது. ஆனால் சின்னது. சிறுநீரகத்தைத் தாண்டவில்லை. அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம், மீதிச் சிறுநீரகம் வேலை செய்யும். திவ்யா அழுதாள். வீட்டுக்காரர் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். என்னைக் கேட்டால், அந்த நாற்காலியில் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு பசித்தது. கீழே போய் இரண்டு பரோட்டா சாப்பிட்டேன்.

கோயிலில் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டாக்டர் வேண்டுமென்று சொன்னால் ஸ்கேனுக்குப் போங்கள், பயந்து விட்டுவிடாதீர்கள். சாமி கும்பிடுவதையும் விடாதீர்கள். ஆனால் மருந்து ஏற்றின பிறகு வருகிற வாரத்தில் தோலில் எது வந்தாலும், அது அம்மனா அரிப்பா என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். போன் பண்ணுங்கள். தழும்பு மறைந்துவிடும், மருந்தின் பெயரை நீங்கள்தான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

அறுவை சிகிச்சை அன்று காலை என்னைத் தள்ளுபடுக்கையில் கூட்டிப் போனார்கள். ஒரு கதவுக்கு அப்பால் வீட்டுக்காரரையும் திவ்யாவையும் விடவில்லை. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர், நம் ஊர் இந்தியப் பையன், குனிந்து கேட்டார். என் வாழ்க்கையில் ஆஸ்பத்திரியில் கேட்கிற கேள்விக்கெல்லாம் திவ்யாதான் பதில் சொல்வாள். இல்லாவிட்டால் அவள் அப்பா சொல்வார். அன்று இருவரும் இல்லை.

"ஆன்ட்டி, எந்த மருந்துக்காவது அலர்ஜி இருக்கா?"

"இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "சி.டி. ஸ்கேன் டை. அயோடின் டை. உடனே வரல, மூணாவது நாள் வந்துச்சு. உடம்பு பூரா. மறுபடி போடக்கூடாது. எம்.ஆர்.ஐ. டை போட்டாங்க, அதுக்கு ஒண்ணும் ஆகல."

அவர் முழுவதையும் எழுதிக்கொண்டார். நிமிர்ந்து பார்த்தார். "கரெக்டா சொல்றீங்க. வேற ஏதாவது?"

"பயமா இருக்கு தம்பி."

"அது அலர்ஜி இல்ல ஆன்ட்டி" என்று சொல்லி, என் முகத்தின் மேல் முகமூடியை வைத்து, என் கையை அவர் கையில் எடுத்துக்கொண்டார்.